சந்தனப் பொட்டுக்கு எதிர்ப்பக்கம்

பெண்டாங் நெல் மில்லில் சேர்ந்த முதல் நாளே கவனித்தேன், அங்கே வேலை செய்கிறவர்கள் அடிக்கடி அண்ணாந்து பார்த்தார்கள். மூட்டை சுமந்து போகிறவன்கூட ஒரு கணம் நின்று மேலே பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தான். கூரைக்குக் கீழே நீளமான இரும்புத் தண்டு ஒன்று ஓடியது. ஷாப்ட் என்பார்கள். என்ஜின் அறையிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு மில்லின் மறுகோடி வரை போகும். அதில் மாட்டிய சக்கரங்களிலிருந்து பெல்ட்டுகள் இறங்கி, உமி நீக்கும் மெஷினையும் அரிசி தீட்டும் மெஷினையும் ஓட்டும். என்ஜின் கிளம்பி மெல்ல வேகம் பிடிக்கும்போது, ஒரு கட்டத்தில் அந்தத் தண்டு நடுவில் வளைந்து, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுற்றும் கயிறுபோலச் சுழலும். கூரைத் தகரம் கடகடக்கும். தவிட்டுத் தூசி தலையில் கொட்டும். எல்லோரும் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள்.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆட்சி அது. சயாம்காரன் கையில் கெடாவைக் கொடுப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு.

நான் பிறந்தது சிடாம் கிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில். தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பில் பாதி வரை படித்தேன். மீதிப் பாதிக்கு வாத்தியார் வரவில்லை. ரப்பர் பால் வெட்டினேன், கோலா கெத்திலில் ஒரு சைக்கிள் பட்டறையில் இருந்தேன், லோரியில் கிளீனராகப் போனேன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. பிறகு சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் ஆம்பிளைத் தலை தெரிந்தால் லோரியில் ஏற்றினார்கள். நான் தோட்டத்தை விட்டு நடந்தே பெண்டாங் வந்தேன். இராணுவத்துக்கு அரிசி தீட்டும் மில்லில் வேலை செய்கிறவனைப் பிடிக்க மாட்டார்கள் என்று வழியில் ஒருவன் சொன்னான். அது பாதிதான் உண்மை.

மில்லின் சீன முதலாளி ஓடிவிட்டார். மேலே ஒரு ஜப்பான்காரர் இருந்தார். பட்டாளத்து உடுப்புப் போட்டிருந்தாலும் பட்டாளத்துக்காரர் இல்லை, ஏதோ கம்பெனியில் வேலை பார்த்தவர் என்றார்கள். அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கிராணி, கணக்கு எழுதுகிறவர். முன்பு ஒரு தோட்டத்து ஆபீஸில் வெள்ளைக்காரனுக்குக் கீழே இருந்தவர், ஆறு மாதத்தில் ஜப்பான் பேச்சுக் கற்றுக்கொண்டு இங்கே வந்துவிட்டார். மாஸ்டர் ஒரு நிமிஷம் பேசினால் கிராணி இரண்டே வார்த்தையில் சொல்லி முடிப்பார். நாங்கள் இரண்டு வார்த்தை சொன்னால் அவர் ஒரு நிமிஷம் பேசுவார். நடுவில் எது காணாமல் போகிறது, எது புதிதாகச் சேர்கிறது என்று யாருக்கும் தெரியாது.

என்ஜினைப் பார்த்துக்கொண்டவர் நாற்பது வயதுக்காரர். எல்லோருக்கும் அவர் என்ஜின் அண்ணன். என்ஜினைத் தவிர வேறு எதோடும் அதிகம் பேசமாட்டார். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் மில்லுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் இருந்தார்கள்.

நான் சேர்ந்த இரண்டாம் வாரம் ஷாப்ட் ஆடிய அதிர்வில் ஒரு பெல்ட் கழன்று பறந்து, மாஸ்டரின் மேசையை இரண்டாகப் பிளந்தது. நல்லவேளையாக அவர் மேசையில் இல்லை. அன்று மத்தியானம் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். மாஸ்டர் நீளமாகப் பேசினார். கிராணி எங்களிடம் சொன்னார், "யாரோ வேணும்னே செய்யிறாங்கன்னு மாஸ்டர் சொல்றாரு. என்ஜின் கைப்பிடி யாரு கையில இருக்கோ அவன்தான் பொறுப்பு. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா, சனிக்கிழமை வர்ற லோரியில என்ஜின்காரன் சயாமுக்குப் போவான்."

அன்று திங்கட்கிழமை. இராணுவத்துக்குப் போகவேண்டிய அரிசி பாதிகூடத் தீட்டி முடியவில்லை. என்ஜினை நிறுத்தி வைக்கவும் முடியாது. தினமும் கிளப்பித்தான் ஆகவேண்டும், கிளப்பினால் தினமும் ஷாப்ட் அந்த இடத்தில் ஆடித்தான் ஆகும்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் என்ஜின் அண்ணனைத்தான் சந்தேகப்பட்டேன். ஜப்பான்காரன்மேல் ஆத்திரம் இல்லாத மனுஷன் அப்போது கிடையாது. கைப்பிடியை எந்த இடத்தில் நிறுத்தினால் ஷாப்ட் ஆடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவன், கேட்காமலே எல்லா இடத்திலும் போய் நிற்கிறவன், கரித்துண்டால் சுவரில் எண் எழுதுகிறவன். அந்தக் காலத்தில் எழுதுகிறவனை யாரும் நம்பமாட்டார்கள்.

தவிடு புடைக்கும் அக்கா ஒருவர் அங்கே இருந்தார். முப்பது வயதிருக்கும். அவர் புருஷனைக் கோலா கெத்தில் பக்கம் சாலையில் வைத்துப் பிடித்துச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் முறத்தைக் கீழே வைக்காமலே என்னைக் கேட்டார்.

"தம்பி, சொவத்துல என்னா எழுதுறே? எங்க பேரா?"

"எண்ணிக்கை அக்கா. பெல்ட் எத்தனை தடவை சுத்துதுன்னு."

"அத எண்ணி யாருகிட்ட குடுக்கப் போறே?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. எண்ணி என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

நான் எண்ணிய விதம் இதுதான். என்ஜினிலிருந்து ஷாப்டுக்குப் போகும் பெரிய பெல்ட்டில் தோல் வாரால் தைத்த மூட்டு ஒன்று இருந்தது. அது சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் டப்பென்று ஒரு சத்தம். மில்லில் கடிகாரம் கிடையாது, மாஸ்டர் கையில்தான் ஒன்று இருந்தது. அதனால் ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினேன். நட்டு இருபது தடவை போய்த் திரும்புவதற்குள் எத்தனை டப் என்று எண்ணினேன். முப்பதுவரை ஷாப்ட் அமைதியாக ஓடியது. முப்பத்து நாலில் தகரம் முணுமுணுத்தது. முப்பத்தாறில் ஆட்டம் உச்சத்துக்குப் போனது. நாற்பதைத் தாண்டினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. செவ்வாய்க்கிழமை காலையிலும் அதே முப்பத்தாறு. மத்தியானமும் அதே.

புதன்கிழமை என்ஜின் அண்ணனுக்குக் குளிர்காய்ச்சல். கிராணி தாமே கைப்பிடியைப் பிடித்தார். மாஸ்டர் பின்னால் நின்று பார்த்தார். நான் நூலையும் நட்டையும் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பத்தாறில் ஷாப்ட் வளைந்து ஆடியது. கிராணி முகம் வெளிறிப்போய்க் கைப்பிடியை விட்டுவிட்டார். அவர் வேண்டுமென்றே செய்திருக்க முடியாது. என்ஜின் அண்ணன்மேல் எனக்கிருந்த சந்தேகம் அந்த இடத்தில் தீர்ந்தது. ஆட்டம் ஆளின் கையில் இல்லை, வேகத்தில் இருந்தது.

மாஸ்டருக்கு அது தீரவில்லை. நான் கிராணியிடம் போய், யார் ஓட்டினாலும் ஒரே வேகத்தில்தான் ஆடுகிறது என்று சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். என்ன சொன்னாரோ, மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கிராணி, என்ஜின்காரனுக்கு நீ கூட்டாளியா என்று மாஸ்டர் கேட்கிறார் என்றார். கேட்டது மாஸ்டரா, கிராணியா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போதுதான் தோன்றியது, இந்த ஆளின் நாக்கு இல்லாமல் மாஸ்டரின் கண்ணுக்கு நேராக ஒன்றைக் காட்டவேண்டும்.

பட்டறையில் இருந்த நாளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் பார்ப்போம். மில்லில் டயர் இல்லாத சைக்கிள் ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்து, பின் சக்கரத்தின் விளிம்பிலிருந்து ஒரு கயிற்றைத் தையல் நூல் கட்டை ஒன்றுக்குப் போட்டேன். நூல் கட்டைக்குள் சைக்கிள் கம்பி ஒன்றைச் செருகி, இரண்டு மூங்கில் துண்டுகளில் துளை போட்டு அதில் படுக்க வைத்தேன். பெடலைச் சுற்றினால் கம்பி விர்ரென்று சுற்றியது. எவ்வளவு வேகமாகச் சுற்றியும் ஆடவேயில்லை. மூட்டைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் கேட்டான், "என்னா லா, ஐஸ்கிரீம் கடை போடப் போறியா?"

கம்பி குட்டையாக இருந்தது, அந்த நீளத்துக்கு அது தடிமன். ஷாப்ட் பார்க்கத் தடியாக இருந்தாலும் அதன் நீளத்துக்கு அது நூல் மாதிரிதான் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கம்பியை எறிந்துவிட்டு, விரல் தடிமன்கூட இல்லாத காய்ந்த பிரம்பு ஒன்றை இரண்டு முழ நீளத்துக்கு வெட்டினேன். நடுவில் மெல்லிய பலகையில் அறுத்த வட்டம் ஒன்றை மாட்டினேன். மேலே ஷாப்டின் நடுவில் ஓடிய பெரிய மரச் சக்கரத்துக்குப் பதிலாக அது. வட்டம் பிரம்பில் நிற்காமல் நழுவியது. தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஒட்டுப்பாலைப் பிசைந்து ஒட்டினேன். மரத்தில் வடிந்து காய்ந்த ரப்பர் பால் அது, பசைபோலப் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் ஒரு பக்கம் மட்டும் பெரிய உருண்டையாக வைத்துவிட்டேன்.

பெடலைச் சுற்றினேன். மெதுவாக இருந்தவரை பிரம்பு நேராக ஓடியது. கொஞ்சம் வேகம் ஏறியதும் நடுவில் வளைந்து, வட்டம் மூங்கிலில் மோதித் தெறித்துவிட்டது. கூரைக்குக் கீழே நடப்பது அப்படியே தரையில் நடந்தது. நான் பல்லைக் காட்டியிருப்பேன் என்று நினைக்கிறேன். மறுபடி மாட்டி, இந்தத் தடவை உருண்டையைப் பிய்த்து இரண்டு பக்கமும் சமமாக ஒட்டினேன். அதே வேகம் வந்தபோது பிரம்பு லேசாக நடுங்கிவிட்டு, தாண்டிப் போய்விட்டது. மறுபடி ஒரு பக்கம் ஒட்டினேன். தெறித்தது. நாலைந்து தடவை செய்தேன். தடவைக்குத் தடவை என் சிரிப்புக் குறைந்துகொண்டே போனது.

ஒரு பக்கம் எடை இருந்தால்தான் இவ்வளவு ஆட்டம். அப்படியானால் மேலே ஓடும் மரச் சக்கரத்தில் யாரோ ஒரு பக்கம் எடை வைத்திருக்கிறார்கள். மாஸ்டர் சொன்னது சரியாகவே இருக்குமோ?

வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு என்ஜினை நிறுத்தியபோது ஏணி வைத்து ஏறினேன். மேலே இரண்டு விஷயம் பார்த்தேன். முதலாவது, ஷாப்டை நடுவில் பிடித்துக்கொள்ளும் பித்தளைத் தாங்கி இருக்கவேண்டிய இடம் காலி. உத்தரத்தில் நாலு போல்ட் துளைகள் மட்டும் இருந்தன. பித்தளைக்காக முதல் வருஷமே பட்டாளத்துக்காரர்கள் அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று பிறகு தெரிந்தது. அப்போது டீசல் இருந்ததால், என்ஜின் ஒரே தாவலில் கெட்ட வேகத்தைத் தாண்டிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இப்போது ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் ஓடுகிறது. நோயாளி மாடிப்படி ஏறுவதுபோல நின்று நின்றுதான் ஏறுகிறது.

இரண்டாவது, மரச் சக்கரத்தின் உள்விளிம்பு. தவிட்டுத் தூசியைக் கையால் வழித்தேன். விளிம்பில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அதைச் சுற்றிலும் நெருக்கமாக மாட்டு லாடங்கள் ஆணியால் அடித்திருந்தன. வண்டி மாட்டின் குளம்பில் அடிப்பார்களே, அந்த இரும்புத் தகடுகள். எண்ணினேன். இருபத்தொன்று. எதிர்ப்பக்கம் வெறும் மரம்.

கீழே ஏணியை யாரோ பிடித்தார்கள். தவிடு புடைக்கும் அக்கா.

"எறங்கு," என்றார்.

இறங்கினேன். அவர் ஏணியை விடவில்லை. குரலை உயர்த்தாமல் பேசினார்.

"எண்ணிட்டியா? கிராணிகிட்ட சொல்லப் போறியா?"

"அத யாரு அடிச்சா அக்கா? அதனாலதான் ஷாப்ட் ஆடுது. அண்ணன் சயாமுக்குப் போகப் போறாரு."

அக்கா சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு அந்தச் சக்கரத்துக்குத்தான் பொட்டு வைப்பார்கள். நெல் கொண்டுவரும் வண்டிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தேய்ந்த லாடத்தைப் பொட்டின் பக்கத்தில் அடிப்பது வழக்கம். ரோட்டில் போய்த் திரும்பிவந்த இரும்பு அது. அப்படி நாலு லாடம்தான் இருந்தது. சயாமுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதும் அக்காவுக்கு ஒரு எண்ணம் வந்தது. சக்கரம் எங்கே போனாலும் சுற்றித் தன் இடத்துக்கே வருகிறது. போன ஆளும் அப்படி வரட்டும். புருஷன் பேருக்கு ஒரு லாடம் அடிக்கச் சொன்னார். கேள்விப்பட்டு மற்ற பெண்களும் வந்தார்கள். ஆளுக்கு ஒன்று. போனவன் திரும்பிவந்தால் தன் லாடத்தைத் தன் கையால் பிடுங்கவேண்டும் என்று பேச்சு. எல்லோரும் பொட்டை ஒட்டியே அடித்தார்கள். சாமி இருக்கிற பக்கம் அதுதானே.

அடித்துக் கொடுத்தவர் என்ஜின் அண்ணன். சாமி காரியத்துக்கு யாரும் எடை பார்ப்பதில்லை. அவரும் பார்க்கவில்லை.

மாஸ்டரிடம் பிரம்பில் ஒரு பக்கம் உருண்டை வைத்துக் காட்டினால் அவர் அடுத்த நிமிஷம் ஏணியைக் கேட்பார். இரும்பைப் பார்ப்பார். யார் அடித்தது என்பார். கிராணி அதற்கு எந்தக் கதையை வேண்டுமானாலும் சொல்லலாம். என்ஜின் அண்ணன் ஒருவர் போகவேண்டிய லோரியில் பதினேழு வீட்டுப் பெண்களும் சேர்ந்து போவார்கள். நடுத் தாங்கி இல்லாததால் ஆடுகிறது என்று சொன்னால், பட்டாளத்தைக் குற்றம் சொல்கிறேன் என்று நான் போவேன். இரண்டும் உண்மை. எந்த உண்மையைச் சொன்னாலும் யாரோ ஒருவர் லோரியில் ஏறவேண்டும்.

பிடுங்கிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஒன்னைப் பிடுங்குனாக்கூட அந்த வீட்டு ஆள் வரமாட்டான். நீ செய்ய மாட்டே."

"அப்ப பாதியை எதிர்ப்பக்கம் அடிப்போம். பிடுங்கின கையோட அடிச்சிருவோம். சக்கரத்தை விட்டுப் போகாது."

"அது பின்பக்கம்."

என்ஜின் அண்ணன் காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். அவரிடம் பிரம்பைச் சுற்றிக் காட்டினேன். ஒரு பக்கம் உருண்டை, இரண்டு பக்கம் உருண்டை. அவர் மூன்றாம் தடவை தாமே பெடலைச் சுற்றினார். பிறகு உள்ளே போய்ச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். ஏணியில் ஏறி, எதிர்ப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, குங்குமமும் வைத்தார்.

"இப்ப ரெண்டும் முன்பக்கம்தான் தங்கச்சி," என்றார்.

அக்கா நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் அண்ணனின் மூன்று பிள்ளைகள் கொட்டகை வாசலில் நின்றிருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "மொதல்ல என் வீட்டுக்காரரோடத மாத்து. இல்லேன்னா மத்தவங்கள நான் கேக்க முடியாதுல்ல."

அவருடைய லாடத்தையும் இன்னும் எட்டையும் வண்டிக்காரர்களின் பழைய லாடம் ஒன்றையும் சேர்த்துப் பத்தை மாற்றினோம். அரிசி மூட்டை அடுக்கின்மேல் நின்று ஒருவன் கிராணி வருகிறாரா என்று ஜாகா பார்த்தான். பழைய பக்கம் பதினொன்று, புதிய பக்கம் பத்து. ஒன்று குறைந்தது. என்ஜின் அண்ணன் தம் பெட்டியிலிருந்து ஒரு லாடத்தை எடுத்து நீட்டினார்.

"இத என் பேருக்கு அடி. எப்படியும் போகப் போறவன்தானே. முன்கூட்டியே அடிச்சு வச்சா சீக்கிரம் திரும்பி வருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மாஸ்டர் முன்னால் கவிழ்த்த சைக்கிளைக் கொண்டுபோய் வைத்தேன். வட்டத்திலிருந்து உருண்டைகளை எல்லாம் வழித்து எடுத்திருந்தேன். ஒன்றும் பேசவில்லை. பெடலைச் சுற்றினேன். மெதுவாக, பிரம்பு நேர். கொஞ்சம் வேகம், நடுக்கம். வெற்று வட்டத்திலும் அந்த இடத்தில் நடுங்கத்தான் செய்தது. இன்னும் வேகம், மறுபடி நேர். வேகத்தைக் குறைத்து நடுங்கும் இடத்திலேயே நிறுத்திக் காட்டினேன். பிறகு கிராணியைக் காட்டி, பெடலை அவரிடம் கொடுத்தேன். அவர் சுற்றினார். அதே இடத்தில் நடுங்கியது. அவர் விட்டதும் மாஸ்டரே உட்கார்ந்து சுற்றினார். அதே இடம்.

மாஸ்டர் வட்டத்தை விரலால் தடவினார். ஒட்டுப்பால் பிசுக்கு இருந்தது. விரலை முகர்ந்து பார்த்தார். என்ன இது என்று கிராணி கேட்டார். வட்டத்தை ஒட்டிய பசை என்றேன். அதைக் கிராணி என்னவென்று சொன்னாரோ. மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். என்னைச் சுற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். பிரம்பு நடுங்கும் வேகத்துக்கு வந்ததும், வட்டத்தின் பக்கத்தில், நடுவில், பென்சிலைப் பிரம்பின்மேல் லேசாக வைத்தார். நடுக்கம் அடங்கியது. எடுத்தார், நடுங்கியது. வைத்தார், அடங்கியது. மெல்ல நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். உத்தரத்தில் நாலு துளைகள்.

அதைக் கழற்றிக்கொண்டு போனது யார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவர் பென்சிலைப் பையில் போட்டார். கிராணியிடம் நாலு வார்த்தை சொன்னார். நடுவில் ஒரு மரத் தாங்கி செய்து மாட்டவேண்டும், அதுவரை மெஷின்களுக்கு இறங்கும் பெல்ட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு என்ஜினைக் கிளப்பி, அந்தக் கெட்ட வேகத்தைத் தாண்டிய பிறகு ஒவ்வொன்றாக மாட்டவேண்டும். என்ஜின்காரனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று என்ஜினைக் கிளப்பியபோது தகரம் லேசாகத்தான் முனகியது.

மத்தியானம் கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சைக்கிள் பக்கத்து மூங்கில் துளையில் விரலைச் செருகிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மாஸ்டர் உன் பேரக் கேட்டாரு. மெஷின் புரிஞ்ச ஆளு சயாம்ல நிறைய வேணுமாம். நாளைக்கு லோரி வருதுல்ல."

"நீங்க பேரு சொல்லிட்டீங்களா ஐயா?"

"மறந்து போச்சுன்னு சொன்னேன். சாயங்காலம் ஞாபகம் வந்தாலும் வரும்."

மாஸ்டர் உண்மையிலேயே கேட்டாரா, மெஷின் புரிந்த ஒருவன் தமக்குப் பக்கத்தில் இருப்பது கிராணிக்குப் பிடிக்கவில்லையா, அல்லது அந்த மனுஷனுக்குள் ஒரு நல்ல குணம் இருந்து அன்றைக்குத் தலைகாட்டியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசிக்க நேரம் இல்லை. ஒரு சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, தவிட்டுக் குவியல் பக்கமாக வெளியேறினேன்.

அக்கா அங்கே இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முறத்தின் கீழிருந்து ஒரு லாடத்தை எடுத்தார்.

"உன் பேருக்கு அடிக்கவா?"

"வேணாம் அக்கா. எடை மாறிடும்."

அவர் அதைத் திரும்ப வைத்துக்கொண்டார்.

ஜப்பான்காரன் சரணடைந்து, வெள்ளைக்காரன் திரும்பிவந்து, ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நெல் லோரியில் பெண்டாங் பக்கம் போனேன். மில்லுக்கு முன்னால் இறங்கி ரோட்டில் நின்றேன். உள்ளே என்ஜின் கிளம்பும் சத்தம். என்னை அறியாமல் நட்டு ஆடும் கணக்கில் டப்புகளை எண்ணினேன். முப்பத்து நாலு, முப்பத்தைந்து. கூரைத் தகரம் கடகடத்தது. முன்புபோல இல்லை, ஆனால் கடகடத்தது. மரத் தாங்கி தேய்ந்திருக்கலாம். ஆனாலும் எடை சரியாக இருந்தால் இவ்வளவு சத்தம் வராது. லாடத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள். யாரோ திரும்பி வந்திருக்கிறார்கள்.

உள்ளே ஓடினேன். என்ஜின் அண்ணன் நரைத்திருந்தார். அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். ஜப்பான்காரன் போன மறுநாளே தம் லாடத்தைப் பிடுங்கி ஆற்றில் எறிந்துவிட்டாராம். சயாமிலிருந்து மூன்று பேர் வந்தார்கள், எலும்பும் தோலுமாக, ஆளுக்கு ஒன்றைப் பிடுங்கினார்கள். சொல்லிவிட்டு அவர் தவிட்டுப் பக்கம் பார்த்தார். அக்கா அங்கேயேதான் புடைத்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் அவர் கை நின்றது. நலம் விசாரிக்கவில்லை.

"வந்த மூணு பேரோடதும் பழைய பொட்டுப் பக்கம் இருந்தது," என்றார். "நீ மாத்துன பக்கத்துல ஒருத்தரும் வரல."

பிரம்பையும் ஒட்டுப்பாலையும் வைத்து எதை வேண்டுமானாலும் காட்டியிருப்பேன். இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அது தற்செயல் என்று எனக்குத் தெரியும்.

"வந்தவங்க எடம் முன்பக்கம் காலியா இருக்கு," என்றார் அக்கா. "அவரோடத எடுத்து அங்க அடி. நீதான மாத்துனே, நீயே அடி."

சாப்பாட்டுக்கு என்ஜின் நின்றதும் ஏறினேன். பழைய பக்கம் எட்டு, புதிய பக்கம் பத்து. இரண்டு பொட்டிலும் சந்தனம் ஈரமாக இருந்தது. அக்காவின் லாடம் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை, அதற்கு மட்டும் தனியாக மஞ்சள் தடவியிருந்தது. பிடுங்கி, பழைய பொட்டை ஒட்டி, திரும்பி வந்தவர்களின் லாடம் இருந்த மூன்று இடங்களில் நடுவில் இருந்ததில் அடித்தேன். அடித்து முடித்த பிறகுதான் கணக்கு வந்தது. ஒன்பது, ஒன்பது.

இறங்கினேன். என்ஜின் அண்ணன் கைப்பிடியைத் தள்ளினார். முப்பத்து நாலு, முப்பத்தாறு, நாற்பது. தகரத்தில் சத்தமில்லை. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அக்கா மேலே சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நன்றாக ஓடுவதில் அவருக்கு என்ன இருக்கிறது?

லோரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் போய் ஏறிக்கொண்டேன்.